ஒட்டி இரண்டு வருடமான காரைக் காட்டச் சொல்லுங்கள்

*கார் பெயிண்ட், பாலிஷ், பாடி வேலை குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில். இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் பெயிண்டைக் காக்க அதன் மேல் ஒட்டுகிற நிறமில்லாத ஃபிலிம் பற்றியே கேட்டிருப்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.*

கேள்வி: பல வருட ஆசை, ஒரு போர்ஷே 911 வாங்குகிறேன். சிவப்பு நிறம். இன்னும் மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும். பெயிண்ட் மேல் பிபிஎஃப் (பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டாமல் வெளியே எடுக்காதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எக்ஸ்பெல், 3எம், சன்டெக், ஸ்டெக் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இதில் எது நல்லது? ஒட்டுகிற இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? என் அம்மா வேறு, “ஓட்டுவதற்கு வாங்கினாயா, போர்த்தி வைக்க வாங்கினாயா?” என்று கேட்கிறார். (ஒரு வாசகி)

பதில்: அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்காகத்தான் அம்மா ஒட்டுகிறோம். நிறுத்தியே வைக்கிற காரின் மேல் கல் வந்து அடிக்கப்போவதில்லை.

இப்போது உங்களுக்கு. முதலில் எந்த ஃபிலிம், அப்புறம் எந்தக் கடை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதை மாற்றிப் போடுவேன். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு பெயருமே நல்ல தயாரிப்புகள்தான். அவற்றுக்குள் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே ஃபிலிமை இரண்டு பேர் ஒட்டுவதில் இருக்கிற வித்தியாசம் பெரிது.

ஏன் என்று புரிய ஒரு கணக்கு சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தடிமன்தான் இருக்கும். அதில் மேலே பளபளக்கிற கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடி இதைவிடத் தடிமன். நல்ல ஃபிலிம் சுமார் 200 மைக்ரான். அதாவது உங்கள் காரின் பெயிண்டைவிட அதன் மேல் ஒட்டுகிற ஃபிலிம் தடிமனானது. கல்லை அது தாங்குவதும் அதனால்தான். சரி, அந்த 200 மைக்ரான் ஃபிலிமைக் காரின் மேல் வைத்தே பிளேடால் ஓரம் வெட்டுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிம் முழுக்க அறுபட வேண்டும், அடியில் இருக்கிற 40 மைக்ரான் கிளியர் அறுபடக் கூடாது. கை எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிற்க வேண்டும்?

எனக்கு அது நின்றதில்லை. பெயின்டராக இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். ஆரம்பத்தில் எல்லோரையும்போல ரோலை விரித்து, காரின் மேலேயே வெட்டித்தான் ஒட்டினேன். ஆறு வருடம் கழித்து ஒரு கறுப்பு கார் திரும்பி வந்தது. ஃபிலிம் பழசாகிவிட்டது, எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டும் என்றார் உரிமையாளர். நீராவி காட்டி பானட்டிலிருந்து உரித்தேன். பெயிண்ட் புதுசுபோல இருந்தது. ஆனால் பானட் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, ஓரத்தோடு ஒட்டியே, முடி விழுந்த மாதிரி ஒரு கோடு ஓடியது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து இழுத்தால் நகம் சிக்கியது. ஹெட்லைட் மூலையில் கோடு வளைகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. கத்தியை எடுத்து மறுபடி வைத்த இடம் அது. அந்தக் கொக்கியைப் பார்த்ததும் அது யார் கை என்று தெரிந்துவிட்டது. நான் இடதுகைக்காரன். உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பானட்டை என் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். ஆனாலும் தொழிற்சாலை பெயிண்ட் தொழிற்சாலை பெயிண்ட்தான், அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

இந்தத் தவறில் மோசமான விஷயம், ஒட்டின அன்றைக்கு அது யார் கண்ணிலும் படாது. ஃபிலிம் அதை மூடிவிடும். உங்கள் கார் மாடலில் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், அதனால் இரும்புபோலத் துருப்பிடிக்காது. கோடு மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே கடைக்குப் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எங்கே வெட்டுவீர்கள்?” கம்ப்யூட்டரில் அந்தக் கார் மாடலின் வடிவம் இருக்கும், அதை வைத்து பிளாட்டர் மெஷின் ஃபிலிமைத் தனியாக வெட்டித் தரும். காரின் மேல் கத்தியே படத் தேவையில்லை. இதில் ஒரு குறை உண்டு. அளவெடுத்து வெட்டி வருகிற துண்டு பானல் ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், அந்த இடைவெளியில் அழுக்கு சேர்ந்து கறுப்புக் கோடாகத் தெரியும். கெட்டிக்கார ஆட்கள் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஓரத்தில் கொஞ்சம் கூட்டி வெட்டி, அந்தக் கூடுதலை உள்பக்கமாக மடித்து ஒட்டுவார்கள். “எந்தெந்த ஓரம் மடியும், எது மடியாது?” என்று கேட்டுப் பாருங்கள். பானட், கதவு, ஃபெண்டர் (சக்கரத்தை மூடுகிற தகடு) என்று விரலால் தொட்டுக் காட்டிச் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். “எல்லாமே மடிப்போம் மேடம்” என்றால் சந்தேகப்படுங்கள். மடிக்க இடமே இல்லாத ஓரங்கள் எல்லாக் காரிலும் உண்டு.

கையால் வெட்டுகிறவர் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஃபிலிமுக்கு அடியில் நூல் மாதிரி ஒரு டேப் போட்டு, அந்த நூலை இழுத்தே ஃபிலிமை அறுக்கிற முறை இருக்கிறது. மடித்த பிறகு உள்பக்கத்தில், பெயிண்ட் தெரியாத இடத்தில் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நேற்று முடித்த காரைப் பார்த்து மயங்காதீர்கள். நேற்று ஒட்டிய ஃபிலிம் எல்லாமே அழகுதான். ஒட்டி இரண்டு வருடம் ஓடிய கார் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்குப் பழைய வாடிக்கையாளர் கழுவவும் பார்க்கவும் வந்து போய்க்கொண்டிருப்பார், ஒரு வாரம் பொறுத்தால் ஒரு காரையாவது காட்டிவிடுவார்கள். அதில் பார்க்க வேண்டிய இடங்கள்: பம்பரில் காற்று உள்ளே போகிற வாய்களின் மூலை, சைடு மிரரின் அடிப்பக்கம், கதவுக் கைப்பிடிக் குழி. இந்த மூன்றிலும் ஃபிலிமை அதிகம் இழுத்துத்தான் ஒட்ட முடியும். அளவுக்கு மீறி இழுத்திருந்தால் அது தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும், கடைசியில் ஓரம் தூக்கிக்கொள்ளும். விரல் நுனியை ஓரத்தில் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். தூக்கியிருந்தால் விரலுக்குத் தெரியும். அப்புறம் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஃபிலிமுக்குள் வெள்ளிக் கீற்று மாதிரி கோடுகள் தெரிந்தால் இழுத்த தழும்பு. கறுப்பு, சிவப்பு மாதிரி அடர்த்தியான நிறத்தில் இது பளிச்சென்று தெரியும், உங்களுக்கு அதுவே கவலை.

மூன்றாவது, இடம். சாலையைப் பார்த்துத் திறந்த ஷெட்டில் ஒட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி. தரை ஈரமாக இருக்க வேண்டும், மின்விசிறி சுற்றக் கூடாது, ஆட்கள் பஞ்சு உதிர்கிற கம்பளி போட்டிருக்கக் கூடாது. தூசி ஒன்று உள்ளே மாட்டினால் ஊசி முனை மாதிரி மேலே கூடாரம் போட்டு நிற்கும்.

நாள் கணக்கும் ஒரு அடையாளம். கார் முழுக்க என்றால் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். கழுவி, இரும்புத் துகள்களை மருந்து போட்டுக் கரைத்து, களிமண் கட்டியால் தேய்த்து, தேவைப்பட்டால் லேசாக பாலிஷ் போடவே ஒரு நாள் போய்விடும். கீறலோடு ஒட்டினால் கீறலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. “சாயங்காலம் விடுங்கள், காலையில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்கிறவரிடம் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்று: பம்பர், விளக்கு, எழுத்துகள் இவற்றில் எதைக் கழற்றுவார்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கழற்றினால்தான் நல்ல வேலை என்று சிலர் பெருமைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புதுக் காரில் தொழிற்சாலை மாட்டிய கிளிப்பைக் காரணமில்லாமல் கழற்றினால் நாளைக்கு ஒரு இடத்தில் கடகடவென்று சத்தம் வரும்.

இனி ஃபிலிம். நல்லது எல்லாமே டிபியு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் சுழலிகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க உருவான ஃபிலிம் வழி வந்த சரக்கு இது. கார் பந்தயத்துக்குப் போய், பிறகு நம் வீட்டு வாசலுக்கு வந்தது. அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கழுவும்போது விழுகிற சிலந்திவலைக் கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ மறைவது அந்தப் பூச்சினால். சாவியால் ஆழமாகக் கீறினால் மறையாது, விற்கிறவர் என்ன சொன்னாலும்.

மலிவாக வருவதில் பலது பிவிசி. டிபிஹெச் என்று புதுப் பெயரில் விற்பதும் பெரும்பாலும் மென்மையாக்கிய பிவிசிதான். கண்டுபிடிப்பது சுலபம். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். டிபியு ரப்பர் மாதிரி திரும்பி வரும். பிவிசி இழுத்த இடத்திலேயே தொய்ந்து கிடக்கும். இன்னொரு துண்டைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பத்து வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். மஞ்சளாவது, வெடிப்பது, உரிவது, கொப்புளம் வருவது இவற்றுக்குத்தான் பொதுவாக அது. கல் பட்டுக் கிழிந்தால் உங்கள் பாடு. ஃபிலிம் அதற்காகவே ஒட்டியது, அது கிழிந்து பெயிண்டைக் காப்பாற்றியிருக்கிறது, வேலை முடிந்தது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மஞ்சளானால் புது ஃபிலிம் மட்டும் தருவார்களா, பழையதை உரிக்கிற கூலியும் ஒட்டுகிற கூலியும் யார் தலையில்? கடை மூடிப்போனால் தயாரிப்பாளர் நேரடியாகப் பொறுப்பா? பதிலைக் காகிதத்தில் வாங்குங்கள். அதில் உங்கள் சேஸிஸ் எண்ணும் ஃபிலிம் ரோல் எண்ணும் இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்கும்போது அந்த எண்ணை ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எங்கெல்லாம் ஒட்டுவது? சாதாரண காரில் முன்பக்கம் போதும் என்று சொல்லிவிடுவேன். உங்கள் காரின் உடம்பு வேறு. மூக்கு தாழ்வு, அதனால் முன்னால் போகிற வண்டி எறிகிற கல் பம்பரிலும் பானட்டிலும் நேராக விழும். முன் டயர்கள் அகலம், ரப்பர் மென்மை, சூடானால் பசைபோலக் கல்லைப் பிடித்துப் பின்னால் எறியும். அதை வாங்கிக்கொள்ள பின் ஃபெண்டர் இடுப்பு மாதிரி வெளியே பிதுங்கி நிற்கிறது. பல 911களில் பின் சக்கரத்துக்கு முன்னால் தொழிற்சாலையே ஒரு சின்ன ஃபிலிம் துண்டு ஒட்டி அனுப்புகிறது. எங்கே அடிபடும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒட்டச் சொல்லுங்கள். அதன் மேலேயே ஒட்டினால் அடியில் அந்தத் துண்டின் ஓரம் வரப்புபோலத் தெரியும்.

என் பட்டியல்: முன் பம்பர், முழு பானட், முன் ஃபெண்டர், மிரர், விண்ட்ஷீல்டின் இரு பக்கத் தூண், கதவுக்குக் கீழ் ஓடும் பகுதி, பின் ஃபெண்டரின் பிதுக்கம், கதவுக் கைப்பிடிக் குழி. பானட்டில் பாதி மட்டும் ஒட்டச் சொல்லிச் சிலர் மிச்சம் பிடிப்பார்கள். நடுவில் கோடு தெரியும், அதில் அழுக்கு தங்கும், தினமும் கண்ணில் குத்தும். வேண்டாம். கூரை, கதவின் மேல்பகுதி இவையெல்லாம் உங்கள் மனசுக்கு. பந்தயத் தடத்தில் ஓட்டுவதாக இருந்தால் முழுக் காருக்கும் ஒட்டிவிடுங்கள்.

கார் வந்ததும் ஷோரூமில் “கழுவி பாலிஷ் போட்டுத் தருகிறோம்” என்பார்கள். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அழுக்குத் துணியால் போடுகிற அந்த முதல் பாலிஷைச் சரிசெய்யவே எனக்குப் பாதி நாள் போகும்.

கேள்வி: ஃபிலிம் ஒட்டி மூன்று நாள் ஆகிறது. பானட்டில் ஏழெட்டு இடத்தில் கொப்புளம். ஊசியால் குத்தி விடலாமா?

பதில்: ஊசியைக் கீழே வையுங்கள்.

இந்த ஃபிலிமை ஈரத்தில்தான் ஒட்டுகிறோம். ஷாம்பு கலந்த தண்ணீர் அடித்தால்தான் ஃபிலிம் வழுக்கும், நகர்த்தி இடத்தில் உட்கார வைக்க முடியும். பிறகு ரப்பர் பட்டையால் தண்ணீரை வெளியே தள்ளுவோம். கொஞ்சம் தங்கும். டிபியு வழியாக அந்த ஈரம் மெல்ல வெளியேறிவிடும். வெயில் நாளில் சில நாள், குளிரிலும் மழையிலும் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். தட்டையாக, கலங்கலாக, அழுத்தினால் நகர்கிறதென்றால் தண்ணீர், விட்டுவிடுங்கள். அழுத்தினால் அமுங்கி, உடனே அதே இடத்தில் எழுந்தால் காற்று. நடுவில் கடினமான புள்ளி இருந்தால் தூசி. பின்னால் சொன்ன இரண்டும் தானாகப் போகாது. படம் எடுத்து, தேதியோடு கடைக்கு அனுப்பிவையுங்கள். நல்ல கடை இரண்டு வாரம் கழித்து அவர்களே காரைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முதல் ஒரு வாரம் கழுவ வேண்டாம். அதற்கப்புறமும் பிரஷர் தண்ணீரை ஓரத்தில் நேராகக் காட்டாதீர்கள்.

கேள்வி: செராமிக் கோட்டிங்கே (பெயிண்ட் மேல் பூசுகிற திரவப் பூச்சு) போதும், ஃபிலிம் வீண் செலவு என்கிறார் எனக்குத் தெரிந்த டீட்டெய்லர் (காரைச் சுத்தம் செய்து மெருகேற்றுகிறவர்).

பதில்: செராமிக் ஓரிரு மைக்ரான். கல்லுக்கு அது காகிதம்கூட இல்லை. கழுவச் சுலபம், பளபளப்பு உண்டு, அந்த அளவில் நல்ல சரக்கு. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஃபிலிம், அதன் மேல் செராமிக். முதலில் செராமிக் போட்டு அதன் மேல் ஃபிலிம் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. அந்த நண்பர் ஃபிலிம் ஒட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது. முன்பக்கம் மஞ்சளான பழைய ஃபிலிம். பெயிண்ட் தடிமனை அளக்கிற கருவி வைத்துப் பார்த்தால் பானட்டில் 310 மைக்ரான் காட்டுகிறது, கூரையில் 120. அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்த காரா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். கருவி ஃபிலிமையும் சேர்த்துத்தான் அளக்கும். ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் என்று கழித்தால் மிச்சம் 110 முதல் 160. அது தொழிற்சாலை பெயிண்டாகவே இருக்கலாம். ஒரு இடத்தில் மட்டும் அளக்காமல் பானட் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வையுங்கள். தொழிற்சாலை பெயிண்ட் என்றால் எண்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரும். ஒரு மூலையில் மட்டும் 450, 500 என்று குதித்தால் அங்கே பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரிலும் கார்பன் ஃபைபரிலும் சாதாரணக் கருவி எதையும் காட்டாது, அங்கே உங்கள் கண்தான்.

மறுபெயிண்ட் ஆகியிருந்தால் உரிப்பதில் ஆபத்து உண்டு. மோசமாக அடித்த பெயிண்ட் ஃபிலிமோடு சேர்ந்து தோல் மாதிரி வந்துவிடும். நான் எப்போதும் நீராவி காட்டி, ஃபிலிமை மேலே தூக்காமல் பானலோடு ஒட்டிப் படுக்க வைத்து, மெதுவாக இழுப்பேன். ஒரு மூலையில் நான்கு விரல் அளவு உரித்துப் பார்த்தாலே பெயிண்டின் குணம் தெரிந்துவிடும். விற்கிறவர் முன்னால், அவர் சம்மதத்தோடு, அந்த நான்கு விரலை உரித்துப் பாருங்கள். மாட்டேன் என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். புதிதாக பெயிண்ட் அடித்திருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது விட்டு ஃபிலிம் ஒட்டுங்கள், உள்ளிருந்து தின்னர் ஆவி வெளியேற வேண்டும்.

கேள்வி: என் கார் மேட் பெயிண்ட். பளபள ஃபிலிம் ஒட்டினால் என்ன ஆகும்?

பதில்: பளபளவென்று ஆகிவிடும். அந்த மேட் நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுத்திருப்பீர்கள், மேட் ஃபிலிம் தனியாகவே வருகிறது, அதைக் கேளுங்கள். முதலில் பெட்ரோல் மூடியில் ஒரு துண்டு ஒட்டச் சொல்லி, வெயிலில் பக்கத்து பானலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேட்டில் பல அளவு உண்டு, சிலது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துத் தெரியும்.